அண்ணாச்சி கடையின் பதினொரு ஸ்டூல்கள்

கோவில்பட்டி ஆவுடையப்பன் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் பதினொரு பெண்கள் நாள் முழுக்க நின்றபடியே சேலை விரித்துக் காட்டுவார்கள். கால் வலிக்கிறது என்று செண்பகவல்லி ஒருநாள் சொன்னதற்கு, மெத்தை நாற்காலியில் சாய்ந்தபடி அண்ணாச்சி சொன்ன பதில்: "பழகிரும்."

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. அண்ணாச்சியும் பதினொரு ஸ்டூல் வாங்கிப் போட்டார். "இதெல்லாம் இன்ஸ்பெக்டருக்காக வாங்கினது. எவளாவது உட்கார்ந்தா, மறுநாள் வேலைக்கு வர வேண்டாம்" என்றார்.

ஆறு மாதம் கழித்து தொழிலாளர் துறையிலிருந்து இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். "எல்லாரும் உட்கார முடியுதா?" என்று கேட்டார். அண்ணாச்சி செண்பகவல்லியை முறைத்தார்.

அவள் ஒரு ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டாள். "நீங்க உட்காருங்க மேடம். உங்களுக்காகவே அண்ணாச்சி வாங்கினது. ஆறு மாசமா ஒருத்தரும் உட்காரலை. பிளாஸ்டிக் உறைகூட பிரிக்காம பத்திரமா வச்சிருக்கோம்."

இன்ஸ்பெக்டர் பதினொரு உறைகளையும் பார்த்தார். அண்ணாச்சியை எழுப்பிவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டீஸ் எழுத ஆரம்பித்தார். "நீங்களும் உட்காருங்கம்மா" என்றார். பெண்கள் உறையைப் பிரித்து உட்கார்ந்தார்கள்.

நோட்டீஸ் நாலு பக்கம் போயிற்று. அண்ணாச்சி கால் மாற்றி மாற்றி நின்றார்.

"வலிக்குதா அண்ணாச்சி?" என்று செண்பகவல்லி பரிவோடு கேட்டாள். "பழகிரும்."