ஏழு பேரை ஐந்தாக்கிய நாரை

பறவைகள் வாய்விட்டு வழக்காடிய அந்தக் காலத்தில், ஏரிக்கரை ஆலமரத்துக்கு நாரையார்தான் பெரியவர். ஒருநாள் மேற்கே வானம் கறுத்துப் புயல் கிளம்பியது. மரத்தில் காற்று அடிக்காத பக்கம் முப்பது பறவைகள்தான் உட்கார முடியும். ஒதுங்க வந்தவை கிளிகள் இருபத்து மூன்று, தவிட்டுக்குருவிகள் ஏழு.

"ஒவ்வொண்ணா எண்ணினா புயலே வந்துடும். அஞ்சஞ்சா வெச்சுக்குவோம்" என்றார் நாரையார். "கிளிங்க சுமார் இருபத்தஞ்சு. தவிட்டுக்குருவி ஏழா? அது அஞ்சுக்குத்தான் கிட்ட. அப்போ அஞ்சு. ஆக முப்பது, கச்சிதம்!"

கேட்டீர்களா அநியாயத்தை! மூத்த குருவி தவிடிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நாரையாரே, எங்க கடைசித் தங்கச்சிங்க ரெண்டு பேரும் எங்கே போவாங்க?"

"மொத்தம் சரியா வருதில்ல? அப்புறம் என்ன?"

"கிளிங்க பக்கம் ரெண்டு இடம் சும்மா கிடக்கே, கண்ணு தெரியலையா?"

"எங்களுக்கு ஒதுக்கினது எங்களுக்கு" என்று கிளிகள் சிறகை விரித்து அதையும் அடைத்துக்கொண்டன. வெட்கம் கெட்டதுகள்!

நாரையார் கொட்டாவி விட்டார். "ரெண்டே ரெண்டுதானேம்மா. அதையெல்லாம் பார்க்க முடியுமா?"

"கூட்டுக்குச் சுள்ளி பொறுக்கச் சுமார் போதும். மரத்துல எத்தனை பழம்னு சொல்லவும் போதும். என் கூடப்பிறந்தவளைச் சுமாரா எண்ண நீ யாருய்யா? உன் அஞ்சு இடத்தையும் நீயே வெச்சுக்கோ!"

சொன்ன கையோடு தவிடி கீழே குதித்தாள். ஆறு தங்கைகளும் பின்னாலேயே குதித்தார்கள். முள்புதருக்குள் ஒருத்தியோடு ஒருத்தி ஒட்டி உட்கார்ந்தார்கள்.

காற்று வீசும்போதெல்லாம் தவிடி, "எண்ணுங்கடி!" என்று கத்துவாள். ஒன்று, இரண்டு என்று ஏழுவரை குரல் வரும். ஒருமுறை ஆறோடு நின்றுவிட்டது. கடைக்குட்டியைக் காற்று புதருக்கு வெளியே உருட்டியிருந்தது. ஆறு பேரும் பாய்ந்து அவள் இறக்கையைக் கவ்வி உள்ளே இழுத்தார்கள்.

புயல் ஓய்ந்ததும் நாரையார் சாவகாசமாக வந்தார். "என்ன, ஏறத்தாழ எல்லாரும் பிழைச்சுட்டீங்க போலிருக்கே?"

ஏறத்தாழவா! ஏழு பேரும் சேர்ந்து கத்திய கத்தலில் நாரையார் பறந்தே போய்விட்டார்.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் தரையில் தத்தித் திரிந்து ஓயாமல் கத்துகின்றன. சண்டை போடுவதாக நாம் நினைக்கிறோம். அவை ஒருத்தி விடாமல் எண்ணிக்கொண்டிருக்கின்றன.