இடுகாட்டு வண்டு போன வழி

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் இருந்தான். எந்த நாடு என்று கேட்காதீர்கள். அரண்மனைச் சங்கதியில் ஊர் பேர் சொன்னவன் உருப்பட்டதில்லை. சிங்காசனத்தில் உட்கார்ந்தாலே அவனுக்குக் கால் சில்லிட்டுப்போகும். தூக்கமும் போய்விட்டது. பேய் பிசாசு அண்டாதிருக்க என்று மந்திரி அநந்தராயர் சபையில் ஓயாமல் சாம்பிராணி போடச் சொல்லியிருந்தார்.

அவருக்கு விகடகவி பேயாண்டியைக் கண்டால் ஆகாது. ஒருநாள் இரண்டு செப்புகளைக் கொண்டுவந்து வைத்தார்.

"மகாராஜா, ஒன்றில் தென்னந்தோப்பு வண்டு. மற்றதில் இடுகாட்டில் பிணம் தின்னும் வண்டு. எது எதுவென்று தொடாமல் சொல்லட்டும் நம் விகடகவி."

தூங்காத அரசனுக்கு அது பிடித்துப்போயிற்று. "சொல், பேயாண்டி. தவறினால் தலை இருக்காது."

மந்திரி மூடிகளைச் சற்றே விலக்க, பேயாண்டி எட்டிப் பார்த்தான். தோப்பு வண்டின் கொம்பைத் தடம் தெரியாமல் ஒடித்து, இரண்டுக்கும் விளக்குக்கரி பூசியிருந்தது. ஒரே அளவு, ஒரே கறுப்பு.

"நான் எதற்குச் சொல்ல வேண்டும், மகாராஜா? வீட்டுக்குப் போங்கடா என்றால் அதுகளே போய்விடும். திறந்துவிடலாமா?"

"கூடாது!" என்று கத்திவிட்டார் மந்திரி.

அரசன் அவரை ஒரு பார்வை பார்த்தான். "ஏன் கூடாது? திற."

ஒரு வண்டு விர்ரென்று பறந்து, வாசல் தோரணத்துத் தென்னங்குருத்தைத் துளைக்கத் தொடங்கியது. சபை சிரித்தது.

மற்றது பறக்கவில்லை. மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கி நடந்தது. எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"வாசல் அந்தப் பக்கமடா" என்று முணுமுணுத்தான் பேயாண்டி.

அது நேரே சிங்காசனத்தின் அடியில் போய், கல் இடுக்கைக் கரகரவென்று பிறாண்டியது. சிரிப்பு நின்றுபோயிற்று.

"வீட்டுக்குப் போகும் என்றாயே?" என்று குனிந்து பார்த்துக் கேட்டான் அரசன்.

"போய்விட்டது, மகாராஜா."

கல்லைப் பெயர்த்தார்கள். சாம்பிராணி மறைத்துவைத்திருந்த நாற்றம் குப்பென்று எழுந்தது. கறுப்புத் துணியில் அழுகிய ஆந்தை. அதன் அலகில் அரசனின் தலைமயிர். அநந்தராயர் ஓடப் பார்த்தார், வாசலில் பிடித்தார்கள்.

அரசன் சிரிக்க ஆரம்பித்தான். "உன் தலையை வாங்கக் கொண்டுவந்த வண்டு என் தலையைக் காப்பாற்றிவிட்டதே!" வெகுநேரம் சிரித்தான். "இனி மந்திரி ஆசனம் உனக்குத்தான், பேயாண்டி."

"அதன் அடியில் என்ன கிடக்கிறதோ! வண்டைக் கொடுங்கள், போதும்."

பொன் செப்பில் வைத்துக் கொடுத்தான் அரசன். அதற்கப்புறம் யார் விருந்துக்குக் கூப்பிட்டாலும் பேயாண்டி முதலில் வண்டைத்தான் இறக்கிவிடுவான். அது வாசலுக்குத் திரும்பி வந்தால்தான் இலைமுன் உட்காருவான். இல்லாவிட்டால் அதைத் தேடி எடுத்துக்கொண்டு பட்டினியாகக் கிளம்பிவிடுவான்.

பல வீடுகளில் அது திரும்பவில்லை.