மிளகாய்ச் செடி வாயடைத்துப் போன கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கெல்லாம் வாய் இருந்தது. அதிலும் மிளகாய்ச் செடியின் வாய் இருக்கிறதே, அப்பப்பா! பூ விட்டால் ஒரு பேச்சு, பிஞ்சு விட்டால் ஒரு பேச்சு. வேலாத்தாள் வீட்டுக் கொல்லையில் நின்ற மிளகாய்ச் செடி, கிணற்றடிக்கு வருகிற காக்கையைக்கூடச் சும்மா விடாது. அப்போதெல்லாம் அதன் இலைகள் வெற்றிலை மாதிரி விரிந்து பளபளவென்று இருக்கும்.

வேலாத்தாள் அதைக் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்தாள். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுவாள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று தினமும் விசாரிப்பாள். ஆனால் பூச்சி முற்றிவிட்டால் அவளிடம் இரக்கம் கிடையாது. பக்கத்தில் நின்ற கத்தரிச் செடி, மேலெல்லாம் பூச்சி ஏறிய பிறகு ஒருநாள் அதை வாய்விட்டுச் சொன்னது. மற்றதுக்கும் பரவிவிடும் என்று அவள் அதை வேரோடு பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டாள். பச்சைச் செடி எரிந்த சத்தம் மிளகாய்ச் செடியின் காதை விட்டுப் போகவே இல்லை.

ஒரு கோடை மத்தியானம், அனல் காற்றோடு ஓர் இலைப்பேன் வந்து அதன் இலைக்கடியில் ஒட்டிக்கொண்டது. எள்ளில் கால்வாசிகூட இருக்காது. குரல் மட்டும் காதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

“நான் இங்கே இருக்கிறதை அவளிடம் சொல்லிப் பார். கத்தரிக்கு ஆனதுதான் உனக்கும்.”

செடி அதை அப்படியே நம்பிவிட்டது. சாயங்காலம் வேலாத்தாள் வந்து கேட்டபோது, நன்றாகத்தான் இருக்கிறேன் அக்கா என்று சொல்லி, இலைகளை இன்னும் அகலமாக விரித்து அடிப்பக்கத்தை மறைத்துக்கொண்டது.

அந்த ஒரு பொய் போதாதா பேனுக்கு? முட்டையிட்டது, குஞ்சு பொரித்தது, குடும்பத்தோடு உட்கார்ந்து சாற்றை உறிஞ்சியது. மேலே பார்த்தால் பச்சை. கீழே எந்நேரமும் ஊர்ந்துகொண்டிருக்கும். வேலாத்தாளின் காலடிச் சத்தம் கேட்டாலே செடிக்கு உயிர் போய் உயிர் வரும். பூவெல்லாம் உதிர்ந்தது. வெயில் அக்கா, வேறொன்றுமில்லை என்று அதற்கும் ஒரு பொய்.

அதன் காலடியில், உதிர்ந்த பழத்திலிருந்து முளைத்த நாற்றுகள் நின்றன. இரண்டே இலை விட்ட பச்சைக் குழந்தைகள். ஒருநாள் அவற்றில் ஒன்று முனகியது.

“அம்மா, என்னமோ கடிக்குது.”

தாய் பதறிப்போய்க் கீழே பார்த்தது. பேன்கள் அதன் தண்டு வழியாகவே இறங்கிக்கொண்டிருந்தன. எனக்கு ஆவது ஆகட்டும் என்று வேலாத்தாளைக் கூப்பிட வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. தொண்டையில் இருந்த ஈரத்தையும் அவை உறிஞ்சிவிட்டிருந்தன.

வேலாத்தாள் குடத்தோடு வந்து விசாரித்தாள். பதில் வராததால், மகாராணிக்கு இன்றைக்குக் கோபம் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே தண்ணீரை ஊற்றிவிட்டு நடந்தாள். செடி தவித்துப்போனது. மிச்சமிருந்த உயிரையெல்லாம் திரட்டி, இத்தனை நாள் விரித்து மறைத்த இலைகளை ஓரத்திலிருந்து மேலே சுருட்டியது. நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு வலித்தது. விடவில்லை. அடிப்பக்கம் முழுக்க வெளியே தெரிந்தது. சருகு நொறுங்குகிற மாதிரி சத்தம் கேட்டு வேலாத்தாள் திரும்பினாள்.

“அடிப்பாவி, இதையா எங்கிட்ட மறைச்சே?” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “கத்தரி முத்தவிட்டுச் சொல்லுச்சு. பேன் வந்த அன்னைக்கே நீ சொல்லியிருந்தா, ஒரு கை சாம்பல் தூவிக் காப்பாத்தியிருப்பேனேடி.”

நாற்றுகளுக்குச் சாம்பல் தூவினாள், புளித்த மோரைத் தெளித்தாள். தாயைப் பிடுங்கினாள். அது வேரைக்கூட இறுக்கிப் பிடிக்கவில்லை. அடுப்பிலிருந்து எழுந்த புகையில் அவளுக்கு இருமல் அடங்கவே இல்லை. அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்த நாற்றுகளுக்குப் பயத்தில் வாயடைத்துப்போனது.

அன்று அடைத்த வாய்தான், மிளகாய்ச் செடி இன்றுவரை திறக்கவில்லை. ஆனால் பேன் கடித்தால் மறைப்பதும் இல்லை. இலையை மேலே சுருட்டிக் காட்டிவிடுகிறது. அன்று முதல்தான், வீட்டில் மிளகாய் வளர்ப்பவர்கள் அதனிடம் ஒன்றும் கேட்பதில்லை, இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.