இரண்டாவது ரிமோட்

பழைய டிவி கேம் பெட்டிகளைத் துடைத்து, பழுது நீக்கி, மறுபடியும் ஓட வைப்பதில் திருச்சி பாலக்கரைப் பக்கம் மெஹருன்னிசாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவளுக்கு முப்பத்தைந்து வயது. அவளிடம் தொழில் கற்க வந்த சதாசிவத்துக்கு ஐம்பத்திரண்டு. நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர், ஆலை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தார்.

அவர் அவளை "டீச்சரம்மா" என்பார். அவள் அவரை "அண்ணே" என்பாள்.

"வயசுல சின்னப் பிள்ளையப் போய் டீச்சரம்மாங்கிறீரே" என்று அவள் கடைக்குக் கீழே இருந்த டீக்கடைக்காரர் கேலி செய்வார்.

"உமக்கு ஒரு ஒயரு பத்தவைக்கத் தெரியுமா? அப்பச் சும்மா இரும்" என்று சொல்லிவிட்டு சதாசிவம் மாடியேறிவிடுவார்.

மெஹருன்னிசாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பெட்டி வந்தாலும், திறக்கும் முன் கொண்டுவந்தவரிடம் ஒன்று கேட்பாள்: "இதுல எதைத் தொடக் கூடாது?" சொல்வதைத் துண்டுத் தாளில் எழுதி, பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுவாள். முக்கால்வாசிப் பேர் சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் தொடலாம் என்பார்கள்.

ஒருநாள் சதாசிவம் பொறுக்க மாட்டாமல் கேட்டார். "கெட்டுப்போனதைச் சரி பண்ணத்தானே டீச்சரம்மா கொண்டு வர்றாங்க? தொடக் கூடாதது என்ன இருக்கு?"

"எதுக்குக் கொண்டு வர்றாங்கன்னு எனக்குத் தெரியாதே, அண்ணே."

அவருக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை.

அந்த வாரம் கதிரேசன் என்பவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். துணிப்பையிலிருந்து ஒரு பெட்டி, ஒரு மஞ்சள் கேசட், பிடித்து விளையாடுகிற, ஒயர் சுற்றிய இரண்டு ரிமோட்டுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பெட்டி ஓடணும். முதல் ரிமோட்டையும் பாத்துருங்க. இந்த ரெண்டாவது ரிமோட்டை மட்டும் தொட வேண்டாம்."

ஏன் என்று மெஹருன்னிசா கேட்கவில்லை. எழுதி ஒட்டினாள்.

மூன்று நாள் வேலை. பெட்டிக்குள் எறும்பு கட்டிய மண்ணை சதாசிவம் பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்தார். கேசட்டின் பித்தளைப் பற்களை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் பளபளவென்று தேய்த்தார். மஞ்சளித்திருந்த மேல்மூடிக்கு மருந்து தடவி மொட்டைமாடி வெயிலில் வைத்து, பழைய வெள்ளை திரும்பும் வரை காவலிருந்தார். எல்லாம் முடிந்ததும் இரண்டாவது ரிமோட்டைச் சும்மா சொருகிப் பார்த்தார். குதிக்கிற பொத்தான் ஐந்து தடவை அழுத்தினால் ஒரு தடவைதான் கேட்டது. உள்ளே ரப்பர் தேய்ந்திருக்கும்.

நாலு திருகு. ஒரு புது ரப்பர். இதை விட்டுவிட்டுக் கொடுத்தால் கை உறுத்தாதா? அந்த மனுஷன் ஏதோ கூச்சத்தில் வேண்டாம் என்றிருப்பார். செய்து வைத்தால் சந்தோஷம்தானே படுவார். சதாசிவம் மாற்றிவிட்டார். பழைய ரப்பரைக் குப்பையில் போட்டார். மெஹருன்னிசாவிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கதிரேசன் வந்தார். கடையிலிருந்த பழைய டப்பா டிவியில் பெட்டியை மாட்டச் சொன்னார். சதாசிவத்தின் கையில் முதல் ரிமோட்டைக் கொடுத்தார். "நீங்க சிவப்புச் சட்டை" என்றார். தான் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

இரண்டு பொம்மைகள் சேர்ந்து ஓடும் ஆட்டம் அது. வழியெல்லாம் குழி. சிவப்புச் சட்டை முதல் குழியைத் தாண்டியது. கதிரேசன் பொத்தானை அழுத்தினார். நீலச் சட்டையும் தாண்டியது. அடுத்த குழியையும் தாண்டியது.

அவர் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டார்.

"இதை யார் தொட்டது?"

"நான்தான் சார்" என்றார் சதாசிவம், முகமெல்லாம் சிரிப்பாக.

"வேண்டாம்னு சொன்னேனே." குரல் உயரவில்லை. "பழைய ரப்பர் எங்க?"

"குப்பையில போட்டுட்டேன். நேத்தே வண்டி வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு."

கதிரேசன் மெஹருன்னிசாவைப் பார்த்துச் சொன்னார்.

"இது என் தம்பி சொக்குவோட ரிமோட்டுங்க. பட்டன் சரியில்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அவன்கிட்ட இதைக் கொடுப்பேன். குழிக்குக் குழி விழுவான். 'அமுக்குனேண்ணே, குதிக்கல'ம்பான். 'ரிமோட்டு நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான்டா விளையாடத் தெரியல'ம்பேன்."

"எத்தனை நாள் இப்படி?" என்றாள் மெஹருன்னிசா.

"மூணு முழுப்பரீட்சை லீவு. அப்புறம் அவன் கேக்குறதையே விட்டுட்டான். பக்கத்துல உக்காந்து நான் ஆடுறதைப் பாப்பான். வளர்ந்த பிறகும் அப்படியேதாங்க. பைக் ஓட்டுடான்னா, இன்டர்வியூ போடான்னா, 'எனக்கெல்லாம் வராதுண்ணே, நீ பண்ணு'ம்பான். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவான்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பங்குனியில மஞ்சள்காமாலை. பதினோரு நாள் படுத்திருந்தான், பொழைக்கல. படுத்திருந்தப்பவும் பக்கத்துலதான் இருந்தேன். சின்ன வயசுச் சமாசாரம், இப்பப் போய் என்னத்தைச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

"அவன் விழுந்த மாதிரி ஒரே ஒரு தடவை நான் அந்தக் குழியில விழணும்னு நெனச்சேன். அதுக்குத்தான் கொண்டு வந்தேன்."

சதாசிவத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. "மறுபடி கெடுத்துத் தந்துடுறேன் சார். ஒரு துணுக்கு டேப் போதும்."

மெஹருன்னிசா அவரைக் கையமர்த்தினாள். "பட்டன்லதான் கோளாறுன்னு உங்க தம்பிக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது. கடைசி வரைக்கும் தெரியாது."

அவள் ரிமோட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்து வந்தாள்.

"திருகைக்கூடக் கழட்டல சார். நல்லாயிருக்கிறதைக் கெடுக்கக் கை வரல. மன்னிச்சுக்கங்க. இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஒரு ஆட்டம் ஆடிட்டாவது போங்க. அண்ணே, நீங்களும் உக்காருங்க."

கதிரேசன் மறுக்கத் தெம்பில்லாதவர்போல உட்கார்ந்தார். முதல் குழியில் நீலச் சட்டை விழுந்தது.

"கை தவறிடுச்சு" என்றார்.

இரண்டாம் முறையும் விழுந்தது. மூன்றாம் முறை தாண்டியது. அவர் முகம் தன்னையறியாமல் மலர்ந்தது. அடுத்த குழியில் விழுந்தது. கட்டைவிரலை மாற்றிப் பிடித்தார். நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். முன்னதாகவே அழுத்தினார், பிந்தி அழுத்தினார். விழுந்துகொண்டே இருந்தார். பக்கத்தில் சிவப்புச் சட்டை தாவித் தாவிப் போனது. நிறுத்திவிடலாமா என்று சதாசிவம் மெஹருன்னிசாவைப் பார்த்தார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அமுக்குறேங்க. குதிக்க மாட்டேங்குது."

"இப்பத்தானே சார் நல்லாத் தாண்டுனீங்க? அண்ணன் எப்படிப் போறாரு, பாத்து ஆடுங்க."

அவர் பார்த்து ஆடினார். நெற்றி வேர்த்துவிட்டது. இன்னும் நாலு தடவை விழுந்த பிறகு ரிமோட்டை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"வயசாயிடுச்சு. எனக்கெல்லாம் இது வராதுங்க."

மெஹருன்னிசா திருப்புளியை எடுத்தாள். அவர் கண்ணெதிரே நாலு திருகையும் கழற்றி, பின்மூடியைத் திறந்தாள். பொத்தானுக்குக் கீழே, பாதி மறைக்கிற மாதிரி, நகத்துணுக்கு அளவுக்கு ஒரு டேப் ஒட்டியிருந்தது.

"நான்தான் ஒட்டினேன் சார். உங்க கையில ஒரு குறையும் இல்லை."

கதிரேசன் முதலில் மூச்சுவிட்டார். சுமை இறக்கியவர் விடுகிற மூச்சு அது. பிறகுதான் அவர் முகம் மாறியது. மூடியில்லாத அந்த ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு வார்த்தையை அவன்கிட்ட..." என்று தொடங்கினார். முடிக்க முடியவில்லை. வெகுநேரம் அழுதார்.

"டேப்பு இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா சார்?"

"எடுத்துடுங்க."

அவள் எடுத்து, மூடித் திருகிக் கொடுத்தாள். அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

டிவி இன்னும் இரைந்துகொண்டிருந்தது. சதாசிவம் அதை அணைத்தார். அவருக்கு ஆறவே இல்லை.

"தப்புப் பண்ணது நான். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். ஏற்கெனவே நொந்து வந்த மனுஷன்கிட்டப் போய் இப்படிப் பொய் சொல்லலாமா, டீச்சரம்மா?"

மெஹருன்னிசா திருப்புளியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள்.

"பத்தே நிமிஷத்துல உண்மையைச் சொல்லிட்டேனே, அண்ணே."