ஆட்காட்டி ஏன் மரம் ஏறுவதில்லை

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது, சட்டம் இல்லை. கண்மாயில் ஏதாவது காணாமல் போனால், யார் பெயர் ஏற்கெனவே கெட்டிருக்கிறதோ அவரை எல்லோரும் சேர்ந்து கொத்துவார்கள். மனம் ஆறியதும் இரை தேடப் போய்விடுவார்கள். அதற்கு நியாயம் என்று பெயர் வேறு.

கரையில் ஒரு கருவேலமரம் தண்ணீர்மேல் சாய்ந்து நின்றது. அதன் கீழ்க்கிளை நெடுங்காலியுடையது. மஞ்சள் கால்கள், கண்ணோரம் சிவப்பு, வாயே திறக்காத பறவை. கூடு கட்டுவது மட்டும் அவளுக்குக் கைவரவில்லை. நாலு சுள்ளி வைத்தால் மூன்று தண்ணீரில் விழும்.

மேல்கிளைக்குத் தூக்கணாங்குருவியும் அவன் பெண்டாட்டியும் குடிவந்தார்கள். அன்றே நெடுங்காலிக்கு வயிற்றெரிச்சல் தொடங்கியது. புல்லை நாராகக் கிழித்து அவன் முடைந்த கூடு காற்றில் ஆடியது. உள்ளே அறை, அறையில் ஈரமண், ஈரமண்ணில் மின்மினி விளக்கு. கொக்கு வந்து பார்த்தது, நாரை வந்து பார்த்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்து வியந்துவிட்டு, அவளுடைய சுள்ளிகளை மிதித்துக்கொண்டு போனார்கள்.

"பெரிய அரண்மனை," என்று அவள் தண்ணீரைப் பார்த்து முணுமுணுப்பாள். தண்ணீரிலும் அந்தக் கூடுதான் தெரிந்தது.

ஒருநாள் உச்சிவேளையில் குருவிப் பெண் கீழே எட்டிப் பார்த்தாள்.

"மதினி, முட்டை போட்டிருக்கேன். ரெண்டு பேரும் போயி இரை எடுத்துட்டு வந்திருதோம். கொஞ்சம் பார்த்துக்கிடுங்க."

"போயிட்டு வா," என்றாள் நெடுங்காலி. இப்போது முட்டை வேறா என்று உள்ளுக்குள் எரிந்தது.

அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் ஒரு சாரைப்பாம்பு மரத்தில் ஏறியது. அவளை ஒதுங்கிக் கடந்து மேலே போனது. அவள் ஒரு சத்தம் போட்டிருந்தால் கண்மாயே திரண்டிருக்கும். போடத்தான் நினைத்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்றடித்தது, கூடு அழகாக ஆடியது. அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒருநாளாவது அது வெறும் கூடாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு.

குருவிப் பெண் திரும்பிவந்து போட்ட அழுகையில் எல்லாப் பறவைகளும் கூடிவிட்டன. நாரை அவளைச் சிறகால் அணைத்துக்கொண்டது. கொக்கு, தான் பிடித்த மீனைக் கொண்டுவந்து நீட்டியது. நெடுங்காலிக்கு அதுவும் பொறுக்கவில்லை. போன மழையில் அவளுடைய முட்டைகள் தண்ணீரில் உருண்டு விழுந்தபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இவளுக்கு மட்டும் அழும்போதுகூட எத்தனை பேர்.

யாரோ காக்கை என்றார்கள். அவ்வளவுதான். வயலில் நின்ற காக்கையை இழுத்துவந்து, நெடுங்காலியின் கிளையிலேயே போட்டுக் கொத்தினார்கள். இறகுகள் பறந்தன.

"சத்தியமா நான் எடுக்கலைப்பா," என்று கதறியது காக்கை. "காலையில இருந்து உழவு மாட்டுக்குப் பின்னாலதான் நிக்கேன். இந்த மரத்துலயே இருந்தவ நெடுங்காலி. அவளைக் கேளுங்க."

அதுவரை யாரும் யாரையும் கேட்டதில்லை. கொத்துவதை நிறுத்திவிட்டு எல்லோரும் நெடுங்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் தன்னை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று எத்தனை காலமாக ஏங்கியிருப்பாள். அந்தப் பார்வை இப்படி வந்து சேர்ந்தது.

ஆமாம், காக்கைதான் என்று சொன்னால் முடிந்தது. காக்கையும் முடிந்திருக்கும். சொல்லத்தான் அலகைத் திறந்தாள். காக்கையின் ரத்தம் அவளுடைய ஒற்றைச் சுள்ளிமேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"விடுங்க அவனை," என்றாள். "சாரை ஏறுச்சு. நான் பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் மதினி சத்தம் போடலை?" என்று கேட்டாள் குருவிப் பெண்.

"உன் கூட்டைக் கண்டா எனக்கு ஆகலை. அதான்."



"அப்ப இவளைக் கொத்திருவோமா?" என்றது கொக்கு. பழக்கம் அப்படி.

"இருடா, ஒருத்தனைக் கொல்லப் பார்த்தது போதாதா," என்றது நாரை. "இனிமே கண்ணால பார்த்தவங்க சொல்லாம யார் மேலயும் அலகு வைக்கக் கூடாது. பழி விழுந்தவனை முதல்ல பேச விடணும்."

பிறகு நெடுங்காலி பக்கம் திரும்பியது.

"நீ செஞ்ச குத்தம் ரெண்டு. உன்னை நம்பிப் போன குருவிக்குச் செஞ்சது ஒண்ணு. அதுக்கு ஈடா உன் கிளையை அவளுக்குக் கொடுத்துட்டு எறங்கிரு. சத்தம் போடாம இருந்தது இந்தக் கண்மாய்க்கே செஞ்ச குத்தம். நாளைக்கு என் குஞ்சா இருந்தாலும் நீ பார்த்துக்கிட்டுத்தான இருந்திருப்ப? அதுக்குத் தண்டனை தனி. ஆள் வந்தாலும் சரி, பாம்பு வந்தாலும் சரி, இனி நீதான் கத்தணும்."

"சரி, என்னைக் கொத்துனதுக்கு?" என்று கேட்டது காக்கை.

ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அதை இன்னொரு நாள் விசாரிக்கலாம் என்று நாரை தள்ளிவைத்தது. அந்த வழக்கு இன்றுவரை எடுக்கப்படவில்லை. காக்கையும் காத்திராமல் தனக்குச் சேரவேண்டியதை யார் வீட்டு முற்றத்திலும் எடுத்துக்கொள்கிறது.

நெடுங்காலி கிளையிலிருந்து இறங்கினாள். அன்று இறங்கியவள்தான், இன்றுவரை எந்த மரத்திலும் கால் வைக்கவில்லை. நாம் ஆட்காட்டி என்று சொல்வது அவளைத்தான். வெறுந்தரையில் முட்டையிடுகிறாள், தூரத்தில் ஆள் தலை தெரிந்தாலே கண்மாய் அதிரக் கத்துகிறாள். அந்தக் கத்தலைக் கேட்டு முதலில் கூட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்வது தூக்கணாங்குருவிக் குஞ்சுகள்தான். அவள் மட்டும் இன்னும் அந்தக் கூட்டை நிமிர்ந்து பார்ப்பதில்லை.