எதிர்ப்பக்கம் மடித்த இலை

வெகு காலத்துக்கு முன்னால், மேகங்கள் கூரைமேல் இறங்கி இளைப்பாறிவிட்டுப் போன காலத்தில், கார்முகில்பட்டினம் என்றொரு நகரம் இருந்தது. அங்கே மழை நிற்காது. விருந்தும் நிற்காது. தெருவுக்குத் தெரு அடுப்பு, அடுப்புக்கு அடுப்பு ஒரு பதார்த்தம். போனவர்கள் எல்லாம் சொக்கிப்போனார்களாம். ‘போனார்களாம்’ என்றுதான் சொல்ல முடியும். யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை.

ஆற்றின் இக்கரையில் பரிசல் ஓட்டிப் பிழைத்தவள் மருதாயி. அவளுக்கு இருந்த ஒரே உறவு தம்பி பொன்னப்பன். “அந்த ஊர் விருந்துத் திருவிழாவுல ஒரு வாய் சாப்பிட்டுட்டு, பொழுது சாயறதுக்குள்ள வந்துடறேன்க்கா” என்று போனான். பொழுது சாய்ந்தது. மறுநாளும் சாய்ந்தது. மூன்றாம் நாள் மருதாயி தாழங்குடையைப் பிடித்துக்கொண்டு அக்கரையில் இறங்கினாள்.

முதல் தெருவில் பணியாரம் வெந்தது. “வாங்க, வாங்க! சாப்பிட்டு இலையை உங்க பக்கமா மடிச்சுட்டுப் போங்க!” என்றார்கள். “என் தம்பியைப் பார்த்தீங்களா?” என்று கேட்டாள். சிரித்தார்கள், கண்கள் சிரிக்கவில்லை.

இரண்டாம் தெருவில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். “சாப்பிட்டு இலையை உங்க பக்கமா மடிச்சுட்டுப் போங்க!”

மூன்றாம் தெருவில் மிளகு ரசம். அந்த வாசனையில் மழையே கொஞ்சம் சூடானது போலிருந்தது. அங்கேயும் அதே பேச்சு. மருதாயி எச்சிலை விழுங்கிக்கொண்டு நடந்தாள். தெரு முடிந்த இடத்தில் எச்சில் இலைகள் மலையாகக் குவிந்து கிடந்தன.

“ஏய் குடைக்காரி, காலை எடு. நீ மிதிக்கிறது என் சாப்பாடு.”

பேசியது ஒரு செவலை நாய்.

“நாயா பேசுது?”

“இந்த ஊர் மனுசங்களுக்குப் பேச ஒண்ணும் மிச்சமில்லை. யாராவது பேசணுமில்ல?” என்றது நாய். “இந்த இலைங்களைப் பாரு. எல்லாம் சாப்பிட்டவங்க பக்கமா மடிஞ்சிருக்கு. நல்லது நடக்கிற வீட்டுல நீங்க அப்படித்தானே மடிப்பீங்க, மறுபடியும் வர்றோம்னு? அந்த வாக்குதான் இங்க கால்விலங்கு. முதல் இலையை மடிச்சா வந்த வழி மறக்கும். ரெண்டாம் இலையை மடிச்சா சொந்தம் மறக்கும். மூணாம் இலையை மடிச்சவன் கரைஞ்சு மழையாயிடுவான். இலை மட்டும் என்கிட்ட வரும்.”

மருதாயி அண்ணாந்து மழையைப் பார்த்தாள். பிறகு குடையை இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். குடை பிடிப்பது, மழையாகிப்போன யாரையோ வாசலிலேயே நிறுத்தி வைப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

“யாரு வச்ச விருந்து இது?”

நாயின் வால் தொங்கிவிட்டது. “வன்னிமுத்து. சமையல்காரர், மந்திரக்காரர். கரண்டியைச் சுழட்டினா கல்லும் வேகும். மக நாச்சியோட கல்யாணத்துக்குப் போட்ட பந்தல். முகூர்த்தத்துக்கு முன்னால அவ காய்ச்சல்ல போயிட்டா. அவர் அடுப்பை அணைக்கலை. ‘பரிமாறுங்க’ன்னார். அன்னைக்குப் பிடிச்ச மழை. அவளைத் தூக்கிட்டுப் போறப்ப சொந்தம்னு பின்னால நடந்தது நான் ஒருத்தன்தான்.”

“அப்போ இது கல்யாண வீடே இல்லையே!”

“அதை அவருக்கு மடிச்சுக் காட்டணும். சாப்பிட்டவங்கதான் மடிக்க முடியும். எனக்குக் கையும் இல்லை.”

பெரிய பந்தலில் ஊரே உட்கார்ந்திருந்தது. நடு வரிசையில் பொன்னப்பன். மருதாயி ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“டேய் பொன்னப்பா!”

அவன் திரும்பினான். “யாரும்மா நீங்க? கொஞ்சம் தள்ளி உட்காருங்க. உங்க குடைத்தண்ணி என் இலையில சொட்டுது.”

அவள் குடையைக் காலடியில் வைத்தாள். “எத்தனாவது இலை தம்பி?” என்று மெல்லக் கேட்டாள்.

“மூணாவது. பாயசம் வந்தா முடிஞ்சுது.”

மருதாயிக்கு இலை விழுந்தது. அள்ளி அள்ளி விழுங்கினாள். அப்படி ஒரு சாப்பாட்டை அவள் ஜென்மத்தில் சாப்பிட்டதில்லை. இன்னொரு முறை வராமல் எப்படி இருப்பது என்று நாக்கு கேட்டது. பொன்னப்பன் இலையில் பாயசம் விழுந்தது. வழித்து நக்கினான். அவன் விரல் நுனிகள் கண்ணாடிபோல் தெளிந்து, சொட்டத் தொடங்கின. இலையின் தூர விளிம்பைப் பிடித்தான்.

மருதாயியின் கையும் பழக்கத்தில் தூர விளிம்புக்கே போனது. கையை இழுத்துக்கொண்டாள். தன் வயிற்றோரம் இருந்த விளிம்பைத் தூக்கி, எதிர்ப்பக்கமாக மடித்தாள். இழவு வீட்டில் சாப்பிட்டவர்கள் மடிப்பதுபோல. இந்த வீட்டில் இப்படி ஒரு சாப்பாடு இனி வேண்டாம் என்று.

பந்தல் அப்படியே நின்றது. பொன்னப்பன் கை பாதியில் நின்றது. கையில் கரண்டியோடு வன்னிமுத்து ஓடிவந்தான்.

“அடிப்பாவி! கல்யாண வீட்டுல இப்படியா மடிப்பாங்க?”

“கல்யாண வீடாண்ணே இது?”

“கண்ணு தெரியலையா? வாழைமரம் கட்டியிருக்கு பாரு!”

“பொண்ணு எங்கண்ணே?”

“உள்ள… தலை வாரிக்கிட்டு இருக்கா.”

“இன்னுமா வாரி முடியலை?”

அவன் உள்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“அண்ணே, உங்க வீட்டுத் துக்கத்துக்கு நான் வந்திருக்கேன்” என்றாள் மருதாயி. “யாரும் வரலைன்னு இருக்காதீங்க. சாப்பிட்டாச்சு. இனி அழலாம்.”

கரண்டி கைநழுவிக் கீழே விழுந்து இரண்டானது. “நாச்சீ!” என்று வன்னிமுத்து போட்ட சத்தத்தில் பந்தல்கால்கள் அதிர்ந்தன. ஒவ்வொருவராக, வரிசை வரிசையாக, எதிர்ப்பக்கமாக இலையை மடித்தார்கள். அடுப்புகள் அணைந்தன. மழை நின்றது. செவலை நாய் வந்து வன்னிமுத்துவின் காலடியில் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அது பேசவேயில்லை.

“அக்கா, நீ எப்ப வந்தே? ஏன் இப்படி நனைஞ்சிருக்கே?” என்றான் பொன்னப்பன்.

பிழைத்தவர்களையெல்லாம் மருதாயி நடை நடையாகக் கரை சேர்த்தாள். முன்பே மழையாகிப் போனவர்கள் திரும்பவில்லை. அவர்கள் ஆறாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவள் துடுப்பை மெல்லத்தான் போட்டாள், அன்றும் அதற்குப் பிறகு என்றும்.

வீட்டில் பழைய சோறும் சுட்ட கருவாடும்தான் இருந்தன. இலை போட்டுப் பரிமாறினாள். பொன்னப்பன் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். கை நீட்டி, தூர விளிம்பைப் பிடித்து, தன் பக்கமாக மடித்தான்.

மருதாயி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.