சுத்தமான வாய்

"என் வாய் செத்துப்போச்சு, அம்மா. நான் மட்டும் எதுக்கு இருக்கேன்?"

இதைச் சொல்லி முடிப்பதற்குள் குற்றாலலிங்க ஓதுவார் மூன்று முறை பாட்டில் தண்ணீரால் வாயை நனைக்க வேண்டியிருந்தது.

மலைச்சரிவில் ஒரு பாறைக்குக் கீழே தனியாக வாழ்ந்த துறவி அவள். பாறையம்மை என்பார்கள். ஓதுவார் கோயிலில் பதிகம் பாடிய வருஷங்களைவிட அவள் வயது குறைவு. ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு.

கூட ஏறி வந்த மனைவி உலகம்மாள் தள்ளி நின்று, தன் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தாள். கணவர் கண்ணில் படாதபடி திரும்பிக்கொண்டுதான்.

"கட்டி கரைஞ்சிடுச்சா?" என்று கேட்டாள் பாறையம்மை.

"கரைஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியில கழுத்துக்கு முப்பத்துமூணு நாள் கரண்ட் வச்சாங்க, அந்தக் கதிர் வைத்தியம். கட்டியோட சேர்ந்து எச்சிலும் வத்திப்போச்சு. இனிமே ஊறாதாம். சோத்தைத் தொட்டுப் பத்து நாளாச்சு. இன்னையோட தண்ணியையும் விட்டுடப் போறேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"எச்சில்தானே?"

ஓதுவார் வாயைத் திறந்து காட்டினார். நாக்கு பாளம் பாளமாக வெடித்திருந்தது. கன்னத்துக்குள் புண். முன்பல் இரண்டும் கறுத்துக் கரைந்திருந்தன.

"பல்லுக்கு என்ன?"

"எச்சில்தான் இத்தனை நாளும் காவல் இருந்துச்சாம். தின்னதைக் கழுவி, கிருமியை அண்டவிடாம, உள்தோல் காயாம பார்த்துக்கிச்சாம். அது போனதும் எல்லாம் உள்ளே வந்துடுச்சு. சோறு முள்ளாக் குத்துது."

"அறுபது வருஷம் காவல் இருந்ததை நீங்க என்னன்னு சொல்வீங்க?"

ஊருக்கே தெரிந்த பதில்தான். எச்சில் என்றால் அவருக்கு ஆகாது. அண்ணாந்துதான் குடிப்பார். யாராவது வாய் வைத்த டம்ளர் என்றால் புளி போட்டு இரண்டு தரம் துலக்க வேண்டும். பெற்ற மகள் ஆசையாகக் கன்னத்தில் முத்தம் கொடுத்தபோது, எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்த மகானுபாவர்.

"அசுத்தம்னு," என்றார் கடைசியில்.

"இப்ப சுத்தமாயிடுச்சே. பாடுங்க."

உலகம்மாள் சட்டென்று திரும்பினாள். "இது ரொம்பக் கொடுமை, அம்மா," என்றாள்.

ஓதுவார் கண்ணை மூடினார். முப்பத்தெட்டு வருஷம் பாடிய முதல் அடி.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது.

இன்னொரு முறை முயன்றார். தொண்டை அடைத்து விழி பிதுங்கியது. தடவித் தடவிப் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தார். ஒரு சொட்டு இல்லை.

பாறையம்மை தன் பானையைச் சாய்த்துக் காட்டினாள். அதுவும் காலி. சுனைக்குப் போய்த்தான் எடுத்து வரவேண்டும்.

உலகம்மாள் ஓடி வந்தாள். அவள் பாட்டிலில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சம் இருந்தது.

"ஐயோ, நான் வாய் வச்சுட்டேனே," என்று அழுதுகொண்டே, நாற்பது வருஷப் பழக்கத்தில் முந்தானையால் பாட்டிலின் விளிம்பைத் துடைக்கப் போனாள்.

ஓதுவார் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

ஏதோ சொல்ல வந்தார். நாக்கு புரளவில்லை.

முந்தானையை ஒதுக்கிவிட்டு, அவள் வாய் வைத்த இடத்தில் வாய் வைத்தார்.